பால்ய நீரிழிவும் பனியன் தொழிலாளரும்

ஜனவரி மாதம் 11ஆம் தேதி திருப்பூர்வாசிகளுக்கு மறக்கவொண்ணாத தினம். போலீஸாரின் தடியடிக்கு ஆளாகி, கையிற் பிடித்த கொடியை விடாது வீழ்ந்த குமரன், 1932ஆம் வருஷம் அத்தேதியில்தான் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். அதற்குச் சரியாகப் பத்து வருஷங்களுக்கு முன், 1922ஆம் வருஷம் அதே ஜனவரி 11ஆம் தேதி, கனடா தேசத்து டொரான்டோ நகர ஆஸ்பத்திரியில், லெனார்டு தாம்ஸன் என்னும் பதினான்கு வயதை ஒட்டிய சிறுவனுக்கு இன்ஸுலின் என்ற மருந்து முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. எலும்புந் தோலுமாய் மரணத்தின் வாயிலில் கிடந்த பையன் அவன். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தைச் சுத்தி செய்து பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். பிறகு பதின்மூன்று வருஷம் உயிரோடிருந்தான்.

இவ்விரு சம்பவங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை; தேதி ஒத்தது தற்செயலே. ஆயினும், குமரன் மாண்ட ஊரில் இன்று அந்த மருந்தொன்றையே நம்பி உயிர் தரித்திருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தாம்ஸனுடைய பிராயத்தை அவர்கள் எட்டும் சமயத்தில் அவர்களுக்கு என்ன நேருகிறது என்பதைக் குறித்தே இன்று எழுதப் புகுந்தோம். அரசியல் பத்திரிகைக்கு வைத்திய விவகாரம் எதற்கு என்று நம் நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். முழுவதும் படித்த பின் கேட்கட்டும்.

நீரிழிவு என்றால் நம்மவர்க்கு உடனே நினைவு வருவது தொந்தியும் பிராயமும் உடைய கனவான்களின் வியாதி. குழந்தைகளைப் பற்றும் நீரிழிவு பெரும்பாலும் அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. வைத்தியர்கள் அதை முதல் வகை என்பர். உடலைக் காக்க வேண்டிய சக்தியே இடம் தெரியாமல் திரும்பி, கணையத்தில் இன்ஸுலினைச் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. கோட்டைக் காவலனே களஞ்சியத்துக்குத் தீ வைத்ததைப் போன்ற காரியம். குழந்தை மிட்டாய் தின்றதாலோ, தாய் கர்ப்ப காலத்தில் எதையோ உண்டதாலோ இது வருவதில்லை. பூர்வஜன்ம பாவம் என்று உறவினர் கூடிப் பேசுவது வெறும் பேதைமை. இன்ஸுலின் அடியோடு இல்லாமற் போகிறபடியால், மாத்திரையாலும் கஷாயத்தாலும் பத்தியத்தாலும் இதைச் சமாளிக்க முடியாது. வேப்பிலையும் பாகற்காயும் எவ்வளவு உத்தமமான வஸ்துக்களாயினும் இங்கே பயன்படா. ஊசி மருந்தை நிறுத்தச் சொல்லிக் குளிகை கொடுக்கும் போலி வைத்தியன் கொலைகாரனுக்கு ஒப்பானவன். இவ்விஷயத்தில் நாம் தாட்சணியம் காட்ட விரும்பவில்லை. சுதேச வைத்தியத்தில் நமக்குள்ள அபிமானம் யாவரும் அறிந்ததே. அபிமானத்துக்காகப் பிள்ளைகளைப் பலி கொடுக்க நாம் சம்மதியோம்.

இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர்? சர்வதேச நீரிழிவு சம்மேளனம் 2021ஆம் வருஷத்தில் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2,29,000 பேர் முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள். உலகில் வேறெந்தத் தேசத்திலும் இவ்வளவு பேர் இல்லை. நம் ஜனத்தொகையின் பெருக்கத்துக்கு இது சொற்பம் என்பது உண்மை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒருவரோ இருவரோ இருப்பர். ஒரு வீதியில் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். அவர்கள் படும் கஷ்டம் எவர் கண்ணுக்கும் தெரியாமற் போவதற்கு இந்தச் சிறுபான்மையே காரணம். கூட்டமாய்ச் சேர்ந்து கோஷமிட முடியாதவர்களின் குறையைக் கேட்பார் யார்?

வியாதி ஆரம்பிக்கும்போது காணும் குறிகள் நான்கு. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாய்த் தின்றும் உடம்பு இளைத்தல், காரணமில்லாத சோர்வு. படுக்கையை நனைக்கும் பழக்கம் என்றோ விட்டுப்போன பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் அதையும் கவனிக்க வேண்டும். இவற்றை அசட்டை செய்தால் சில நாட்களில் கீட்டோன் என்னும் விஷப்பொருள் ரத்தத்தில் ஏறி, வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சும் காணும். அச்சமயத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, குடல்வால் வீக்கம், இழுப்பு என்றெல்லாம் பெயர் சூட்டி நேரத்தைக் கடத்துவார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிடும் விஷயம். அந்தச் சொட்டு எடுக்கப்படாததால் மாண்ட குழந்தைகளின் கணக்கை எவரும் எழுதி வைத்ததில்லை.

இது நிற்க. நாம் இன்று முக்கியமாய்ச் சொல்ல வந்தது வேறு. ஏழு எட்டு வயதில் வியாதி கண்டு, ஊசி மருந்தில் உடல் தேறி, பெற்றோரும் ஒருவாறு பழகிக்கொண்ட பின்னர், குழந்தை பதினோராவது பன்னிரண்டாவது வயதை எட்டும்போது எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. நேற்று வரை சரியாயிருந்த அளவு இன்று போதுவதில்லை. விடியற்காலையில் பார்த்தால் சர்க்கரை இருநூறு, முந்நூறு என்று நிற்கிறது. தகப்பன் சந்தேகிக்கிறான், தாய் அழுகிறாள், பாட்டி அடுக்களை டப்பாவைப் பூட்டுகிறாள். “திருட்டுத்தனமாய் எதைத் தின்றாய், சொல்!” என்ற விசாரணை தொடங்குகிறது. ஒன்றுமே தின்னாத குழந்தை என்ன சொல்லும்?

குற்றம் குழந்தையினுடையதன்று. பருவம் அடையும் சமயத்தில் வளர்ச்சிக்காக உடல் சுரக்கும் ஹார்மோன்கள் இன்ஸுலின் செய்யும் வேலைக்கு எதிரிடையானவை. இரவின் பிற்பகுதியில் அவை அதிகமாய்ச் சுரப்பதால் விடியற்காலையில் சர்க்கரை ஏறுகிறது. பருவத்துக்கு முன் எடையில் ஒரு கிலோவுக்கு முக்கால் முதல் ஒரு யூனிட் வரை இன்ஸுலின் வேண்டியிருந்த பிள்ளைக்குப் பருவ காலத்தில் ஒன்றேகால், ஒன்றரை, சிலருக்கு இரண்டு யூனிட் கூட வேண்டியிருக்கும். எடையும் கூடவே ஏறுகிறதல்லவா? ஒன்பது வயதில் 25 கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தினம் 20 யூனிட் போதுமாயிருந்தால், பதின்மூன்று வயதில் 40 கிலோ ஆகும்போது 50, 60 யூனிட் தேவைப்படலாம். பெண் குழந்தைகளுக்கு மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் சர்க்கரை ஏறுவதும் உண்டு. அளவு கூடியதைக் கண்டு ‘வியாதி முற்றிவிட்டது’ என்று கலங்க வேண்டியதில்லை. வளர்கிற பிள்ளைக்குச் சட்டை பெரிதாய்த் தைப்பது போன்றதே இதுவும். பனியன் ஊரில் அளவு விஷயம் விளங்காதவர் யார்? ஆனால் அளவை மாற்ற வேண்டியவர் வைத்தியர். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது அவரைக் காண வேண்டும்; காண்பதற்கு வேலை நாளில் ஒரு பகல் வேண்டும். இங்கேதான் நம் விஷயம் வைத்தியத்தை விட்டுத் தொழிலுக்குள் புகுகிறது.

திருப்பூர் 2024-25ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய் பெறுமான பின்னலாடைகளை அந்நிய தேசங்களுக்கு அனுப்பிற்று. இவ்வூரின் உழைப்பையும் ஊக்கத்தையும் புகழ்வதில் நாம் யாருக்கும் பின்வாங்கியவர்களல்லர். கதர் இயக்கத்துக்குத் தமிழ்நாட்டில் தலைமை ஸ்தலமாய் விளங்கிய ஊர் இது. ஆனால் இந்த ஐசுவரியம் எப்படி உண்டாகிறது என்பதையும் அறிய வேண்டும். ‘ஒன்றரை ஷிப்டு’ என்ற சொல் இவ்வூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் சென்றவர் வெளிவர இரவு எட்டரை, ஒன்பது ஆகும். ஏற்றுமதிக்குக் கெடு நெருங்கினால் நள்ளிரவும் ஆகும். தகப்பன் பவர்டேபிளில் உட்கார்ந்தால் தாய் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்கிறாள். இரண்டு பேரும் போனால்தான் லைன் வீட்டு வாடகையும் மளிகைக் கணக்கும் தீரும். பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரம் வீட்டிற்குப் போய்வருவதென்றால் அத்தனை பீஸ் போயிற்று. சனிக்கிழமைச் சம்பளத்தில் அது உடனே தெரியும்.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்ஸுலின் வேண்டும். காலை ஆகாரத்துக்கு முன் ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, படுக்கும்போது நெடுநேரம் வேலை செய்யும் மருந்து ஒன்று என்று நான்கு ஊசி போடுவதே உசிதமான முறை. ஒவ்வொன்றுக்கும் முன் ரத்தம் பார்க்க வேண்டும். காலை ஊசியைத் தாய் போடுவாள். மற்றவற்றை யார் போடுவது? “பன்னிரண்டு வயதாகிறது, அவனே போட்டுக்கொள்வான்” என்று பெற்றோர் சொல்லுகிறார்கள். பெருமையாகவும் சொல்லுகிறார்கள். பிள்ளை கெட்டிக்காரன், ஊசியைக் கண்டு பயப்படுவதில்லை, சிரிஞ்சில் அளவு பார்த்து ஏற்றத் தெரியும்.

இந்தப் பெருமைதான் ஆபத்து. ஊசி குத்தத் தெரிவது ஒன்று. ஒவ்வொரு நாளும், எவரும் பாராத வேளையிலும், விளையாட்டையும் சிநேகிதர்களையும் விட்டு வந்து தவறாமல் குத்திக்கொள்வது வேறொன்று. முன்னது பத்து வயதில் வந்துவிடும். பின்னது பதினேழு பதினெட்டு வயதிலும் பலருக்கு வருவதில்லை. பெரியவர்கள் பொறுப்பை விரைவில் கைவிட்ட வீடுகளில் பிள்ளைகளின் சர்க்கரை கட்டுமீறிப் போகிறதென்பது உலகெங்கும் வைத்தியர்கள் கண்ட உண்மை. பிள்ளை மத்தியான ஊசியைத் தவறவிடுவான். கேட்டால் போட்டேன் என்பான். நோட்டுப் புத்தகத்தில் 120, 130 என்று மனசிலிருந்து எழுதி வைப்பான். இதைப் பொய் என்று அடிப்பதால் பயனில்லை. அந்தப் பிராயத்தில் தானும் மற்றவரைப் போல் இருக்க வேண்டுமென்ற ஆசை எந்தப் பிள்ளைக்குத்தான் இல்லை? குத்துகிற கை பிள்ளையுடையதாயிருக்கட்டும். பார்க்கிற கண் பெரியவருடையதாயிருக்க வேண்டும். தினம் இருபது நிமிஷம், கோபமில்லாமல், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவே. திருப்பூரில் அந்த இருபது நிமிஷம் யாருக்குச் சொந்தம்? பெற்றோருக்கா, கம்பெனிக்கா? இது வைத்தியக் கேள்வியா, அரசியல் கேள்வியா என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலாளிகள் மீது நாம் வீண் பழி சுமத்த விரும்பவில்லை. அவர்களும் நூல் விலைக்கும் அந்நிய வியாபாரியின் கெடுவுக்கும் நடுவே அகப்பட்டவர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் நம் சரக்குகளுக்கு 50 சதவீத வரி விதித்தபோது இவ்வூர் பட்ட பாடு நாமறிவோம். ஆனால் வியாபாரம் செழித்த வருஷத்திலும் ஒன்றரை ஷிப்டு குறைந்ததில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொள்வார்கள். நாம் கேட்பது பெரிய தியாகமன்று. இத்தகைய பிள்ளை உள்ள தொழிலாளரை மாலை ஒரு ஷிப்டோடு வீட்டுக்கு விடுங்கள். அதற்காக வேலையை விட்டு நிறுத்தாதீர்கள். வைத்தியரைக் காணப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பெனியிலும் இப்படிப்பட்டவர் ஒருவரோ இருவரோ இருப்பர். வெளிநாட்டுக் கடைகளிலிருந்து வந்து கக்கூஸின் கதவையும் தீயணைப்பு வாளியையும் எண்ணிப் போகும் பரிசோதகர்கள் இதையும் ஒரு வரி கேட்டால் குறைந்துபோக மாட்டார்கள். திருப்பூரில் தைத்த சட்டையை அணியும் ஐரோப்பியக் குழந்தைக்கு இதே வியாதி வந்தால், சர்க்கரையை இடைவிடாது காட்டும் கருவியைக் கையில் ஒட்டி அனுப்புகிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2022ஆம் வருஷத்தில் நம் மாநிலத்தில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கென்று வகுக்கப்பட்டது. திட்டம் சிறந்தது, அதைப் போற்றுகிறோம். ஆனால் ஆறாம் வகுப்பில் காலடி வைக்கும் பதினோரு வயதுப் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். அந்த வருஷத்தில்தான் அவனுக்கு இன்ஸுலின் அளவு ஏறத் தொடங்குகிறது. அந்த வருஷத்தில்தான் சாப்பாட்டை நேரம் தவறாமல் உண்ண வேண்டியது அதிக அவசியமாகிறது. தாய் எட்டரைக்குள் கம்பெனியில் இருக்க வேண்டும். அவசரத்தில் ஊசியைப் போட்டுவிட்டு இரண்டு வாய் தின்று ஓடும் பிள்ளைக்குப் பத்தரை மணிப் பாடத்தில் கை நடுங்குகிறது, வேர்க்கிறது, கேட்ட கேள்விக்கு உளறுகிறான். உபாத்தியாயர் அதைத் திமிர் என்று நினைத்து நிறுத்தி வைக்கிறார். ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கியதன் குறி அது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து, பிறகு ஏதேனும் தின்னக் கொடுத்தால் தெளிந்துவிடுவான். நினைவு தப்பிவிட்டாலோ வாயில் ஒன்றும் ஊற்றலாகாது. 108 வண்டியைக் கூப்பிட வேண்டும். இவ்வளவையும் ஓர் உபாத்தியாயருக்குக் கற்றுக்கொடுக்க அரைமணி நேரம் போதும்.

மத்திய கல்வி போர்டார் 2017ஆம் வருஷத்திலேயே, இவ்வியாதியுள்ள பிள்ளைகள் பொதுப் பரீட்சை மண்டபத்துக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தின்பண்டம், தண்ணீர் கொண்டுபோக அனுமதித்தார்கள். குழந்தைகள் உரிமைக்கான தேசியக் கமிஷன் 2023இல், வகுப்பில் ரத்தம் பார்க்கவும் ஊசி போட்டுக்கொள்ளவும் இடையே ஏதேனும் உண்ணவும் இடம் கொடுக்கும்படி மாகாண சர்க்கார்களுக்கு எழுதிற்று. அதையொட்டி உத்தரப்பிரதேச சர்க்கார் உத்தரவும் பிறப்பித்தனர். நம் அண்டையிலுள்ள கேரளத்தார் 2018ஆம் வருஷத்தில் இக்குழந்தைகளுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, அதற்கு ‘மிட்டாயி’ என்று பெயரிட்டார்கள். மிட்டாய் தின்னாதே என்று அதட்டப்படும் குழந்தைகளின் திட்டத்துக்கு அப்பெயரைத் தேர்ந்தவர் யாரோ, அவரை நாம் மெச்சுகிறோம். இன்ஸுலின், அதைச் செலுத்தும் சாதனங்கள், இடைவிடாப் பரிசோதனைக் கருவி, மனத்தேறுதல் எல்லாம் அத்திட்டத்தில் அடக்கம். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கிடைப்பது இப்பால் உள்ள பனியன் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே எளிமையோடு கிடைக்க வேண்டும் என்பதில் கட்சி பேதம் எதற்கு?

சிகிச்சைக்கு ஆதாரமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இன்ஸுலின் விலையின்றிக் கொடுக்கப்படுகிறது. 2022இல் திறக்கப்பட்ட வைத்தியக் கல்லூரி திருப்பூரிலேயே இருக்கிறது. கோயமுத்தூரில் டாக்டர் கிருஷ்ணன் சுவாமிநாதன் தோற்றுவித்த ‘இதயங்கள்’ தர்ம ஸ்தாபனம் ஏழைக் குழந்தைகளுக்கு இன்ஸுலினும் பரிசோதனைச் சாதனங்களும் இலவசமாய் அளித்து வருகிறது. தொழிலாளர் இன்ஷூரன்ஸ் திட்டத்திலோ தொழிலாளியின் குடும்பத்தாருக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் அத்திட்டத்தில் பெயர் பதிவானவர்களுக்குத்தானே அது? கான்டிராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவரும், வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டுபவளும் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்கள்?

மருந்து இலவசமாய்க் கிடைத்தாலும் ரத்தம் பார்க்கும் பட்டைகளைப் பலர் விலை கொடுத்தே வாங்க வேண்டியிருக்கிறது. பட்டை ஒன்று இருபது ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். தினம் நான்கு என்றால் 80 ரூபாய். மாதத்துக்கு 2,400 ரூபாய். இதனால் தொழிலாளி என்ன செய்கிறான்? தினம் நான்குக்குப் பதில் வாரம் நான்கு பார்க்கிறான். பருவ காலத்தில் சர்க்கரை மணிக்கு மணி மாறும்போது வாரம் நான்கு தரம் பார்ப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு தையல் மிஷினை ஓட்டுவதற்கு நிகர். இன்ஸுலினை இலவசமாய்க் கொடுத்துப் பட்டையைக் கொடாமலிருப்பது துப்பாக்கியைக் கொடுத்துக் குறி பார்க்கக்கூடாதென்பது போல.

இன்னொரு சங்கடம் மருந்தைக் காப்பது. திறந்த குப்பியை அதிக வெப்பம் படாமல் வைத்தால் நான்கு வாரம் வரை உபயோகிக்கலாம். சிமெண்டு அட்டைக் கூரையின் கீழ், சித்திரை வெயிலில், குளிர்பெட்டி இல்லாத லைன் வீட்டில் அது கெட்டுவிடும். கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்தைப் போலவே இருக்கக்கூடும். அளவு ஏற்றியும் சர்க்கரை இறங்காது. பழி மறுபடி பிள்ளையின் தலையில். இதற்குச் செலவில்லாத உபாயம் உண்டு. மண்பானைக்குள் மண்பானை வைத்து, இடையில் ஈரமணல் இட்டு, உள்பானையில் மருந்தை நனையாமல் ஒரு டப்பாவில் வைத்தால் போதும். நம் பாட்டிமாரின் தண்ணீர்ப் பானைக்கு உள்ள குளிர்ச்சியை வைத்தியர்களும் பரீட்சித்து அங்கீகரித்திருக்கிறார்கள்.

சுதேசி அபிமானிகள் கவனிக்க வேண்டிய விஷயமும் ஒன்றுண்டு. டொரான்டோவில் இன்ஸுலினைக் கண்டுபிடித்தவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் மாத்திரம் பெற்றுக்கொண்டு, 1923இல் அதன் உரிமையை அவ்வூர்ச் சர்வகலாசாலைக்கு எழுதிக்கொடுத்தார்கள். ஏழையின் பிள்ளைக்கும் அது எட்ட வேண்டுமென்பதே அவர்கள் எண்ணம். பின்னர் அது சில பெரிய அந்நியக் கம்பெனிகளின் கையிற் குவிந்ததும், ஒரு டாலருக்கு விற்ற மருந்தால் அவர்கள் கோடிகளைக் குவித்ததும் பிரசித்தம். நம் நாட்டில் பெங்களூர் பயோகான் கம்பெனியார் 2004ஆம் வருஷத்தில் மனித இன்ஸுலினைச் சுதேசமாகவே செய்து விற்கத் தொடங்கினர். அந்நியன் ஒரு தினுசை நிறுத்திவிட்டால் நம் பிள்ளைகள் பரிதவிக்க வேண்டியதில்லை என்ற நிலைமைக்கு இது முதற்படி. பட்டைகளையும் கருவிகளையும் அவ்விதமே இங்கே மலிவாய்ச் செய்ய முயலுவது துணி விஷயத்தில் நாம் எடுத்த விரதத்துக்குக் குறைந்ததன்று.

பெண் குழந்தைகளைப் பற்றி எழுதவே மனம் கூசுகிறது. பையனுக்கு வியாதி என்றால் வைத்தியம். பெண்ணுக்கு வியாதி என்றால் இரகசியம். பருவமடைந்த மறுநாளிலிருந்து வீட்டில் உள்ள கவலை சர்க்கரையைப் பற்றியதாயில்லை, வரன் பற்றியதாகிவிடுகிறது. விருந்தினர் வந்தால் மருந்துப் பெட்டி அலமாரிக்குப் பின்னே போகிறது. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லுவதில்லை, சிநேகிதிக்குச் சொல்லுவதில்லை, கடைசியில் கல்யாண மாப்பிள்ளைக்கும் சொல்லுவதில்லை. கணவன் வீட்டில் ஒளித்து ஒளித்து ஊசி போட்டுக்கொள்ள முடியாத பெண் ஊசியை விட்டுவிடுகிறாள். பிறகு நடப்பதை நாம் சொல்ல வேண்டுமோ? இன்ஸுலினைச் சரிவரச் செலுத்தி, வைத்தியர் சொற்படி நடக்கும் பெண்கள் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள். இதைப் பெற்றோர் நம்ப வேண்டுமானால் ஊரார் முதலில் வாயை அடக்க வேண்டும். மேடையில் பெண் விடுதலை பேசும் நம் அன்பர்கள், தங்கள் மகனுக்குப் பெண் பார்க்கும்போது இதை நினைத்துக்கொண்டால் நலம்.

பன்னிரண்டு வயதுக்கு மேல் வேறு சில பரிசோதனைகளும் வேண்டும். வியாதி கண்டு சில வருஷமான பிள்ளைக்கு வருஷம் ஒரு தரம் சிறுநீரில் புரதம் கசிகிறதா, கண்ணின் உட்திரை சரியாயிருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நாள்தோறும் ஒரே இடத்தில் ஊசி குத்தித் தோல் கட்டி தட்டியிருந்தால் மருந்து ஏறாது. இடத்தை மாற்ற வேண்டும். காய்ச்சல் கண்டு சாப்பாடு இறங்காத நாளிலும் ஊசியை அடியோடு நிறுத்தலாகாது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸில் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் இவை விவரமாய் உள்ளன. அந்நூல் தமிழில் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பது நன்று. திருப்பூருக்கு ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் இங்கேயே வளருகிறார்கள். அவர்கள் தாய்க்கு விளங்கும் பாஷையிலும் இரண்டு பக்கம் அச்சிட்டால் நம் தமிழபிமானத்துக்குக் குறைவு வந்துவிடாது.

“இத்தனை பேர் வேலையின்றித் தவிக்கையில், இரண்டொரு பிள்ளைகளுக்காக இவ்வளவு ஆரவாரமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021இல் மக்களைத் தேடி வைத்தியம் வீட்டு வாசலுக்கு வந்தது. 2024இல் தொழிலாளரைத் தேடிக் கம்பெனி வாசலுக்கும் வந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மிகவும் நல்ல காரியம். அதே நர்ஸ் அதே தொழிலாளியிடம், “உன் வீட்டில் தாகமும் இளைப்புமாய் ஒரு பிள்ளை இருக்கிறதா? ஊசி போடுகிற பிள்ளை இருக்கிறதா? மத்தியானம் அதற்கு ஊசி போடுவது யார்?” என்று மூன்று கேள்வி கேட்கப் புதிய இலாகா வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். பள்ளிக்கூடங்களுக்குச் செல்லும் வைத்தியக் குழுவும் கேட்கலாம். நம் கட்சி ஊழியர்கள் வார்டு வாரியாக வோட்டர்களை எண்ணத் தெரிந்தவர்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன மனஸ்தாபம் என்பது கூட அவர்களுக்குத் தெரியும். தங்கள் வார்டில் ஊசி மருந்தில் வாழும் பிள்ளைகள் எத்தனை என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

முடிவாக ஜில்லா அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவு வேலை நாட்களில் காலையில் நடப்பது வழக்கம். பனியன் தொழிலாளிக்கு அது ஒரு நாள் கூலி. பிள்ளைக்கு ஒரு நாள் பள்ளிக்கூடம். மருந்து வாங்க ஒரு நாள், பரிசோதனைக்கு ஒரு நாள், அதன் முடிவைக் காட்ட ஒரு நாள் என்றால் மாதத்தில் மூன்று கூலி போயிற்று. ஆகையால்தான் பலர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு வைத்தியரைப் பாராமலே வருஷத்தைத் தள்ளுகிறார்கள். ஒன்பது வயதில் எழுதிய அளவையே பதின்மூன்று வயதிலும் போடுகிறார்கள். கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை, இக்குழந்தைகளுக்கென்று ஒரு வைத்தியரும் ஒரு நர்ஸும் உட்கார்ந்து, ரத்தம் பார்த்து, அளவு திருத்தி, ஒரு மாதத்து மருந்தையும் பட்டையையும் ஒரே தடவையில் கொடுத்தனுப்பினால் போதும். இதற்காகும் செலவை எந்த மந்திரியிடமும் கேட்காமல் ஜில்லாவிலேயே ஒப்பேற்றிவிடலாம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்து, இன்னும் சில பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் போகுமுன் இது தொடங்கப்பட வேண்டும்.